பி-53 புற்றுநோயைத் தரும் மரபணு அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் அண்மையில் வெளிவந்த ஒரு செய்தித் துணுக்கில், பி-53 என்பது "புற்றுநோய் மரபணு" என்றும், அது உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்றும் அச்சாகியிருந்தது. மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அந்த வரி வருத்தமளித்தது. ஆயினும் கடிதம் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது அடுத்த வாரம்தான். என்னிடம் படித்த பெண்ணொருத்தி அந்தத் துணுக்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய தாயார் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று நலமடைந்தவர். நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கும் அளவுக்கு வந்திருந்த அவளுடைய தங்கையின் சம்பந்தம், "அந்தக் குடும்பத்தில் புற்றுநோய் மரபணு இருக்கிறதாமே" என்ற பேச்சில் நின்றுபோய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் சான்றாகக் காட்டியது இந்தத் துணுக்கைத்தான். "டீச்சர், எங்களுக்கு அந்த மரபணு இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கும்மா. எனக்கும் இருக்கு, அவங்க வீட்டுல எல்லாருக்கும் இருக்கு. அது இல்லாமப் போனாத்தான் ஆபத்து" என்று தொடங்கி அன்று அவளுக்கு விளக்கியவற்றைத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல இடம் தருமாறு வேண்டுகிறேன்.

பி-53 என்பது நம் ஒவ்வொருவரின் செல்லிலும் உள்ள ஒரு புரதம். அதை உருவாக்கும் மரபணு 17-ஆவது குரோமோசோமின் குட்டைக் கரத்தில் இருக்கிறது. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக நமக்கு இரண்டு பிரதிகள் வாய்த்திருக்கின்றன. 393 அமினோ அமிலங்கள் கோத்த இந்தப் புரதத்தின் வேலை, டி.என்.ஏ. பழுதடைந்த செல் அந்தப் பழுதோடு இரண்டாகப் பிரிந்துவிடாமல் தடுப்பது. ஒரு செல்லில் ஏறத்தாழ 600 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. இருக்கிறது. வெயிலின் புறஊதாக் கதிர், புகை, உணவில் உள்ள நச்சு ஆகியவை ஒருபுறம் இருக்க, நாம் சுவாசிக்கும் உயிர்வளியும் செல்லுக்குள் இருக்கும் நீருமே அந்த எழுத்துகளைச் சிதைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு செல்லில் ஒரே நாளில் பல்லாயிரம் சிறு சிதைவுகள் நேர்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பழுதுநீக்கும் நொதிகள் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகின்றன. அந்த நொதிகளின் செயல்முறையை விளக்கியவர்களுக்கே 2015-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சிக்கல் எழுவது, சரிசெய்து முடிவதற்குள் செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கத் தொடங்கிவிடும்போதுதான், ஏனெனில் மூலத்தில் உள்ள பிழை படியிலும் ஏறிவிட்டால் அதன் பிறகு அதைப் பிழை என்று அடையாளம் காணவே வழியில்லை.

இங்கே செல் கையாளும் ஏற்பாட்டை மாணவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைந்ததே இல்லை. பி-53 ஆபத்து வந்த பிறகு தயாரிக்கப்படும் பொருள் அன்று. எந்நேரமும் அது உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது, எம்.டி.எம்.2 என்ற மற்றொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கென அடையாளமிட்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மேலே குழாயும் திறந்து, கீழே வடிகாலும் திறந்து கிடக்கும் தொட்டியைப் போன்ற நிலை இது, தண்ணீர் தங்குவதில்லை. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஒருசேர அறுந்துபோனால், ஏ.டி.எம். என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் நொதி அதை உணர்ந்து, தன் துணை நொதிகளோடு சேர்ந்து பி-53 புரதத்தின் குறிப்பிட்ட சில இடங்களில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது, எம்.டி.எம்.2-இன் பிடி தளர்கிறது. வடிகால் அடைபட்ட தொட்டியில் நீர் ஏறுவதுபோலச் சிறிது நேரத்தில் பி-53 செல்லின் உட்கருவில் நிறைந்துவிடுகிறது. இப்படி ஆக்கியும் அழித்தும் கொண்டிருப்பது வீண் செலவாகத் தோன்றலாம். ஆனால் ஆபத்து நேர்ந்த பிறகு மரபணுவைப் படித்து, புரதத்தை முதலிலிருந்து திரட்டுவதைவிட, அழிப்பதை நிறுத்துவது விரைவானது என்பதால் அந்தச் செலவுக்கு முழுப் பயன் இருக்கிறது.

நிறைந்த பி-53 நான்கு நான்காகக் கூடி, டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, பல மரபணுக்களைச் செயல்படவைக்கிறது. அவற்றுள் முதன்மையானது பி-21. அந்தப் புரதம், செல்லைப் பிரியும்படி உந்துகிற நொதிகளைப் பற்றி முடக்கிவிடுகிறது. அந்த நொதிகள் முடங்கியிருக்கும் வரை ஆர்.பி. என்ற இன்னொரு கட்டி ஒடுக்கிப் புரதம் (பி-53 போலவே புற்றுக்கட்டி உருவாகாமல் அடக்கும் புரதம்), டி.என்.ஏ. படியெடுத்தலுக்கு வேண்டிய மரபணுக்களின் வாயிலை அடைத்து நிற்கிறது. குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் புற்றை ஆராய்ந்தபோது அறியவந்த புரதம் என்பதால் ஆர்.பி.க்கு, ரெட்டினோபிளாஸ்டோமா என்ற அந்த நோயின் பெயரே நிலைத்துவிட்டது. ஆக, ஏ.டி.எம். உணர்த்த, பி-53 ஆணையிட, பி-21 உந்துதலை முடக்க, ஆர்.பி. வாயிலைக் காக்க, செல் நிற்கிறது. நிற்கும் அவகாசத்தில் பழுது நீக்கப்படுகிறது. பி-53 தூண்டும் மரபணுக்களில் எம்.டி.எம்.2-இன் மரபணுவும் ஒன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தன்னை அழிப்பதையே தான் பெருக்குவதால், பழுது நீங்கியதும் பி-53 தானாகவே வடிந்து, செல் மீண்டும் தன் வழக்கமான வேலைக்குத் திரும்புகிறது. பழுது நீக்கமுடியாத அளவுக்கு இருந்தால், செல் நிரந்தரமாகப் பிரியும் ஆற்றலைத் துறக்கிறது, அல்லது தன்னையே அழித்துக்கொள்கிறது. தன்னை அழித்துக்கொள்ளும் அந்தச் செல் அக்கம்பக்கத்தைக் கெடுக்காமல் துண்டு துண்டாகச் சுருங்க, அண்டைச் செல்கள் அதை விழுங்கிவிடுகின்றன. இது நம் உடலில் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

இத்தகைய ஒன்றைப் "புற்றுநோய் மரபணு" என்று சொன்னால், யானைகள்தாம் புற்றுநோயால் மடிந்து தீர்ந்திருக்க வேண்டும். நமக்கு இரண்டு பிரதிகள் இருக்கும் இடத்தில் யானையின் செல்லில் சுமார் 40 பிரதிகள் இருப்பதாக 2015-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய உடலும் அத்தனை கோடிச் செல்களும் நீண்ட ஆயுளும் கொண்ட யானைக்கு நம்மைவிடப் புற்றுநோய் குறைவாகவே வருகிறது. கதிர்வீச்சால் டி.என்.ஏ. சிதைந்த யானைச் செல், மனிதச் செல்லைவிட எளிதில் தன்னை அழித்துக்கொள்வதையும் அவர்கள் சோதனையில் கண்டார்கள்.

தங்கள் துணுக்கை எழுதியவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஏனெனில் இதே பிழையை அறிவியல் உலகமே பத்து ஆண்டுகள் செய்திருக்கிறது. 1979-ஆம் ஆண்டு லண்டனில் டேவிட் லேன் அவர்களும் பிரின்ஸ்டனில் ஆர்னால்ட் லெவின் அவர்களும் இன்னும் சில குழுவினரும் தனித்தனியே இந்தப் புரதத்தைக் கண்டபோது, அது புற்றுநோய் உண்டாக்கும் ஒரு குரங்கு வைரஸின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. புற்றுச் செல்களில் ஏராளமாகவும், இயல்பான செல்களில் அரிதாகவும் தென்பட்டது. அதன் மரபணுவைப் பிரித்தெடுத்து எலிச் செல்களில் செலுத்தியபோது, மற்றொரு புற்று மரபணுவோடு சேர்ந்து அந்தச் செல்களைப் புற்றுத்தன்மைக்கு மாற்றவும் செய்தது. இத்தனை சாட்சியம் இருக்கையில் அதைக் குற்றவாளி என்று கருதாதிருப்பது கடினம். உண்மை என்னவென்றால், அந்த ஆய்வகங்கள் பிரித்தெடுத்திருந்த பிரதிகள் பலவும் ஏற்கனவே சடுதி மாற்றம் அடைந்து கெட்டுப்போனவை. 1989-ஆம் ஆண்டு, பால்டிமோரில் பெர்ட் வோகல்ஸ்டீன் அவர்களின் குழு, பெருங்குடல் புற்றுக்கட்டிகளில் ஒரு பிரதி தொலைந்தும் மற்றது சிதைந்தும் இருப்பதைக் கண்டது. அதே ஆண்டில் லெவின் அவர்களின் குழு, பழுதில்லாத பி-53 புற்றுத்தன்மையை அடக்குகிறது என்று காட்டியது. அதோடு வழக்கு தலைகீழாயிற்று. 1992-ஆம் ஆண்டு லேன் அவர்கள் இதனை "மரபுத்தொகுதியின் காவலர்" என்று குறித்தார். அந்தப் பெயரே இன்றுவரை வழங்குகிறது. (53 என்ற எண்ணும் ஓர் அளவுப் பிழையின் எச்சம்தான். சோதனைக் கூழ்மத்தில் இந்தப் புரதம் மெதுவாக நகர்ந்ததால் அதன் நிறை, மூலக்கூறுகளின் நிறையைக் குறிக்கும் அலகில், 53 கிலோ டால்டன் என்று கணித்தார்கள்; உண்மையான நிறை ஏறத்தாழ 44 தான்.) அறிவியலாளர்கள் தங்கள் பிழையைத் தாங்களே கண்டு, வெளிப்படையாகத் திருத்தி எழுதினார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பின் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் நம் பத்திரிகைகளில் பழைய பிழை தொடரக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

பி-53 கெட்டுப்போவதற்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு மிக வலுவானது என்பதில் ஐயமில்லை; மனிதப் புற்றுக்கட்டிகளில் ஏறத்தாழப் பாதியில் அந்த மரபணு சிதைந்திருக்கிறது. ஆனால் அந்தச் சிதைவு பெரும்பாலும் பிறப்போடு வருவதில்லை. ஒருவருடைய வாழ்நாளில், அவருடைய ஏதோ ஓர் உறுப்பின் ஏதோ ஒரு செல்லில் நேர்ந்து, அந்தச் செல்லின் வழித்தோன்றல்களில் மட்டும் தொடர்கிறது. அவருடைய கருமுட்டையிலோ விந்தணுவிலோ அது இல்லை; பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை. எந்தப் பொருள் அந்தச் சிதைவை உண்டாக்கிற்று என்பதைக்கூடச் சில வேளைகளில் அந்த மரபணுவிலேயே படித்தறிய முடிகிறது. ஈரம் தங்கிய நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சை சுரக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சை நெடுங்காலம் உண்டுவந்த சீனாவின் சிதோங் வட்டாரத்திலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும், கல்லீரல் புற்றுநோயாளிகள் பலரிடம் பி-53 மரபணுவில், புரதத்தின் 249-ஆவது அமினோ அமிலத்துக்குரிய இடத்தில் அதே ஓர் எழுத்து மாறியிருப்பதை 1991-ஆம் ஆண்டு ஆய்வுகள் வெளிப்படுத்தின. புகையிலைப் புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற பொருள் பி-53 மரபணுவில் ஒட்டிக்கொள்ளும் இடங்களை 1996-இல் வரைபடமாக்கியபோது, நுரையீரல் புற்றுகளில் சிதைந்து காணப்படும் 157, 248, 273 ஆகிய அதே இடங்கள் வந்து நின்றன. பூசணம் பிடித்த கடலையை வறுத்தாலும் அந்த நச்சு முழுமையாக அழிவதில்லை என்பதையும், பீடியும் சிகரெட்டும் நம் காவலரைக் குறிபார்த்துத் தாக்குகின்றன என்பதையும் அந்தத் துணுக்கு எழுதியிருந்தால் எத்தனை வீடுகளுக்குப் பயன்பட்டிருக்கும்!

பிறப்பிலேயே ஒரு பிரதி கெட்டு வரும் குடும்பங்களும் இருக்கின்றன. அதை மறைப்பது நேர்மையாகாது. அமெரிக்காவில் ஃபிரடெரிக் லி, ஜோசப் ஃபிராமெனி என்ற இரு மருத்துவர்கள் 1969-ஆம் ஆண்டு விவரித்த குடும்பங்களில், குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும் வெவ்வேறு உறுப்புகளில் புற்றுநோய் அடுத்தடுத்து வந்தது. அதற்குக் காரணம் பி-53 மரபணுவின் பிறவிச் சிதைவு என்று 1990-இல் தெரியவந்தது. அது அரிய நோய். மார்பகம், சினைப்பை ஆகியவற்றின் புற்றுநோயில் பரம்பரையாக வரும் வேறு மரபணுச் சிதைவுகளும் உண்டு. எல்லாம் சேர்த்தும் புற்றுநோய்களில் ஐந்து முதல் பத்து விழுக்காடே பரம்பரை வழி வருபவை என்பது பொதுவான மதிப்பீடு. இளம் வயதிலேயே பலருக்குப் புற்றுநோய் வந்த குடும்பத்தினர் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது. அதுவும் மருத்துவர் முன்னிலையில் நடக்க வேண்டிய ஆலோசனையாகும்.

இனி, என் மாணவியின் தாயாருக்கு வந்த நோயைப் பற்றி. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கட்டிகள் பெரும்பாலானவற்றில் பி-53 மரபணு ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்கிறது என்பதுதான் இதில் மிகுந்த வேதனை தரும் செய்தி. எந்த மரபணுவைச் சுட்டிச் சம்பந்தத்தை நிறுத்தினார்களோ, அந்த மரபணு அந்த அம்மாவின் கட்டியில்கூடப் பழுதில்லாமல் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த நோயை உண்டாக்குவது ஹெச்.பி.வி. என்ற வைரஸின் சில வகைகள். இதைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்ட் சுர் ஹவுசன் அவர்களுக்கு 2008-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸின் இ6 என்ற புரதம், செல்லிலேயே இருக்கும் ஒரு நொதியைத் துணைக்கு அழைத்து, செல் உற்பத்தி செய்யும் பி-53 புரதத்தை உடனுக்குடன் அழித்துவிடுகிறது. இ7 என்ற புரதம் ஆர்.பி.யை முடக்குகிறது. காவலரும் இல்லை, வாயில் காப்போரும் இல்லை என்ற நிலையில், டி.என்.ஏ. பழுதடைந்த செல்லும் நிற்காமல் பிரிகிறது. பால்டிமோரில் 1951-ஆம் ஆண்டு ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றளவும் வளர்ந்துவரும் ஹீலா செல்கள் இத்தகையவையே. அவற்றில் ஹெச்.பி.வி. 18 இருக்கிறது; பி-53 மரபணு நல்ல நிலையில் இருக்கிறது. அரை நூற்றாண்டாகப் பெருகிவந்த அந்தச் செல்களில் வைரஸின் இ6, இ7 மரபணுக்களை அடக்கியபோது, பி-53 மீண்டும் சேர்ந்து, பி-21 உயர்ந்து, செல்கள் பிரிவதை நிறுத்தி முதுமையடைந்ததை 2000-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். அத்தனை காலம் கழித்தும் அந்தக் காவலர் வேலை செய்யக் காத்திருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

வைரஸ் என்றதும் இன்னொரு வகைப் பழிச்சொல் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். இல்லற வாழ்வில் ஈடுபடும் ஆண்களிலும் பெண்களிலும் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு காலத்தில் இந்த வைரஸ் தொற்றுகிறது. பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதைத் தானாகவே அகற்றிவிடுகிறது. சிலரிடம் அது தங்கிவிடுகிறது. அவ்வாறு தங்கியதற்கு அவர்களுடைய ஒழுக்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. அது நடந்த இடம் கருப்பை வாயின் மேற்படலம். மகள்களுக்குக் கருமுட்டை வழியாகச் சென்றது பழுதற்ற மரபணு.

பரம்பரை என்று சொல்லிவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கையைக் கட்டிக்கொள்கிறோம். வைரஸ் என்று அறிந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமான 16, 18 ஆகிய இரு வகைகளையும் தடுக்கும் தடுப்பூசி 2006-ஆம் ஆண்டு முதல் உலகில் வழங்கப்படுகிறது. இந்தியாவிலேயே உருவான தடுப்பூசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. ஒன்பது முதல் பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அதைச் செலுத்த உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வயது கடந்த பெண்களுக்குப் பரிசோதனை இருக்கிறது. நம் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுப் பெண்களுக்கு, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையைச் செவிலியர்கள் நடத்தினார்கள். காவல் இழந்து நெருக்கமாகப் பெருகிய செல்கள் அந்த அமிலம் பட்டதும் வெளுத்துத் தெரியும். அந்த ஆய்வின் முடிவு 2007-ஆம் ஆண்டு வெளிவந்தபோது, சோதனை நடந்த ஊர்களில் நோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. உலகம் மேற்கோள் காட்டும் இந்த ஆய்வு நம் ஊரில் நம் பெண்களிடம் நடந்தது என்பதைத் தங்கள் பத்திரிகை ஒரு முழுப்பக்கக் கட்டுரையாக எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கடைசியாக, சொல்லைப் பற்றி ஒரு விண்ணப்பம். நாம் வழங்கும் "மரபணு" என்ற சொல்லுக்குள்ளேயே "மரபு" இருக்கிறது. ஆகவே "மரபணுக் கோளாறு" என்று படித்தவுடன் தமிழ் வாசகர் மனத்தில் பாட்டன், பூட்டன், வம்சம் என்ற எண்ணமே எழுகிறது. சொல்லை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது நல்ல சொல், வேரூன்றிவிட்ட சொல். ஆனால் மருத்துவச் செய்தி எழுதுவோர் ஒவ்வொரு முறையும், அது பிறப்பிலேயே வந்த சிதைவா, வாழ்நாளில் உடலின் ஒரு செல்லில் நேர்ந்த சிதைவா என்பதை ஒரு சொற்றொடர் கூடுதலாக எழுதித் தெளிவுபடுத்தலாம். பி-53, ஆர்.பி. போன்றவற்றைக் "கட்டி ஒடுக்கிகள்" என்றே எழுதலாம். பெயரைக் கேட்டவுடனேயே அவை எந்தப் பக்கம் நிற்கின்றன என்பது விளங்கிவிடும்.

அந்தத் துணுக்குக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். "பி-53 எல்லோரிடமும் உள்ள, புற்றுநோயைத் தடுக்கும் மரபணு, கருப்பை வாய்ப் புற்றுநோய் பரம்பரை நோய் அன்று" என்ற இரண்டு வரிகள் போதும். துணுக்கு வெளிவந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அது வர வேண்டும். வரும் நாளில் அதை வெட்டியெடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
காரைக்குடி.